ஓடாத கை

என் தம்பி பெண்டாட்டியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணி என்றால்தான் தெரியும். ஆள் அவ்வளவு உயரம். கல்யாணமாகி வந்த புதிதில் என் தம்பிக்குப் பக்கத்தில் அவள் நின்றதைப் பார்த்துவிட்டு, "டேய், இவகிட்ட ரகசியம் பேசணும்னா நீ ஸ்டூல் போட்டு ஏறணும்டா" என்றேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். "எனக்கென்ன அக்கா கவலை, லிஃப்ட் வச்சுக்கிறேன்" என்றான். புதுப்பெண் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள்தான். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள்.

பெயருக்கு இன்னொரு காரணம் எங்கள் தொழில். நாங்கள் கர்ட்டன் தைத்து மாட்டுகிறவர்கள். முன்னால் சின்னக் கடை, பின்னால் இரண்டு தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் நீள மேசை. நான் தைப்பேன், ஆர்டர் பிடிப்பேன், வாடிக்கையாளரோடு சண்டை போடுவேன். அவள் அளவெடுப்பாள், வெட்டுவாள், வீடு வீடாகப் போய் ஏணியில் ஏறி மாட்டிவிட்டு வருவாள். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது மனிதர்கள் இல்லை, ஜன்னல்தான். அவளுக்கும் அப்படியே. துக்க வீட்டுக்குப் போனால்கூட இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

வெட்டுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வெட்டுகிற கையை யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். கனமான பையை அந்தக் கையால் தூக்கமாட்டார்கள், ஊசி போட வந்தால் அந்தக் கையை நீட்டமாட்டார்கள். எங்களுக்கு முன் இந்தக் கடையில் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படித்தான், பக்கத்துத் தெரு தையல்காரரும் அப்படித்தான். ரத்தம் எடுத்த இடம் கன்றிப்போய் இரண்டு நாள் கத்திரி பிடிக்க முடியாமல் போனால் அந்த இரண்டு நாள் வேலை யார் செய்வது? ஏணி இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம். ஆஸ்பத்திரியில் எதற்குப் போய் உட்கார்ந்தாலும் அவளுடைய இடது கை தானாக மேசைமேல் போய்விடும். வலது கை மடியில் துப்பட்டாவுக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது இந்தப் பழக்கம்தான்.

முதல் தடவை அவள் மாசமானபோது ஐந்து மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஆறாம் மாதம் ஸ்கேனுக்குப் போனவளை வெளியே விடவேயில்லை. குழந்தைக்குத் துடிப்பு நின்றுபோயிருந்தது. காரணம் கேட்டதற்கு, சில சமயம் இப்படி நடக்கும், தெரியவில்லை என்றார்கள். டாக்டருக்குத் தெரியாத காரணம் எங்கள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏணி ஏறினாள், கையைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கி மாட்டினாள், கொடி சுற்றிக்கொண்டது என்றார்கள். ஆளாளுக்கு வந்து அனுதாபம் சொல்கிற சாக்கில் இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இரண்டு பேரை வாசலோடு விரட்டினேன். ஆனால் நான் விரட்டி என்ன புண்ணியம், சொல் உள்ளே போய்விட்டது. ஒருநாள் அவளாகவே ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க அறையில் சாத்திவிட்டு வந்தாள். அதன்பிறகு மாட்டுகிற வேலைக்கு வெளியாள் வைத்தோம். அவளை ஏணி என்று கூப்பிட எங்களுக்கு நாக்கு கூசியது. அவள்தான், "புதுசா ஏதாவது பேர் வச்சு என்னைக் கொல்லாதீங்க அண்ணி, பழைய பேரே இருக்கட்டும்" என்றாள்.

இரண்டாவது தடவை உண்டானபோது நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. தெருவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்த இடத்தில் வெட்டு, நின்றால் தொலைத்துவிடுவேன் என்றேன். ஒரு செக்கப்கூடத் தவறவிடவில்லை.

அப்போதுதான் அவள் அடிக்கடி அதைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணி, இந்த இடது கை ஓட மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் ஓடுதா? ஆர்டரைப் பாத்தா எனக்குக் காலும் சேந்து ஓடல."

அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். துணியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்ட வேண்டும். கொஞ்ச நேரம் பிடித்ததும் இடது கை கனத்துப்போகிறது, குண்டூசி குத்தினால்கூடச் சரியாகத் தெரியவில்லை, விரலெல்லாம் சில்லென்று இருக்கிறது என்பாள். கீழே தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி பிடிப்பாள். இதே வார்த்தையை நர்ஸிடமும் சொன்னாள். "கை ஓட மாட்டேங்குது சிஸ்டர்." அந்த நர்ஸ் நல்ல பெண். "இந்த நேரத்துல எல்லாருக்கும் அப்படித்தான்மா, எதுலயும் மனசு நிக்காது. பயப்படாம இருங்க" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கை ஓடவில்லை என்றால் தமிழ் பேசுகிற யாரும் அப்படித்தானே புரிந்துகொள்வார்கள்? பதற்றம் என்று நினைத்துக்கொண்டோம். நர்ஸும் சரி, நானும் சரி, கட்டிய புருஷனும் சரி. அவள் சொன்னது கையைப் பற்றி என்பது ஒருவர் மண்டைக்கும் ஏறவில்லை.

பிரஷர் பார்ப்பார்கள். இடது கை மேசைமேல் ஏறும். மெஷின் பட்டையைச் சுற்றுவார்கள், அது உப்பும், உறுமும், எண்ணைக் காட்டும். "தொண்ணூறு, அறுபது. கொஞ்சம் கம்மிதான். ஒல்லியா இருக்கிறவங்களுக்கு இப்படி இருக்கும். நல்லா சாப்பிடுங்க, எலுமிச்சைச் சாறுல உப்புப் போட்டுக் குடிங்க." எங்களுக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டுப் பெண் பிரஷர் ஏறி ஏழாம் மாதத்தில் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை என்று வீட்டுக்கு வந்து உப்பை அள்ளிப் போட்டுச் சாறு கலக்கிக் கொடுத்தோம். அவளும் மறுபேச்சு பேசாமல் குடித்தாள்.

தலைவலி என்பாள். புதுத் துணிக்கு ஒரு மருந்து வாடை உண்டு, நாள் முழுக்க அதை முகர்ந்தால் யாருக்கும் மண்டை இடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்தேன். கண்ணில் பூச்சி பறக்கிறது என்பாள். பத்து மீட்டர் கோடு போட்ட துணியைக் குனிந்து பார்த்து வெட்டினால் எனக்கும்தான் பறக்கும். எல்லாவற்றுக்கும் எங்கள் தொழிலில் ஒரு காரணம் கிடைத்தது. அவ்வளவு வசதியான தொழில்.

எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியாள் வரவில்லை. கடைக்கு எதிரே ஒரு வீட்டில் கர்ட்டன் மாட்டியாக வேண்டும். என் தம்பி, "ஏணியில ஏற நான் போதாதா, அந்தரத்துல தொங்கி வேலை பாக்குறவன்டீ நான்" என்று பெருமையடித்துக்கொண்டு ஏறினான். ஏணி கீழே நின்று அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தரத்தில் தொங்குகிறவன் இரும்புக் கம்பியை நழுவவிட்டான். நல்லவேளை, அவள் வயிற்றை மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டிவிட்டாள். கம்பி மணிக்கட்டில் விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் அந்த வீட்டுக்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "பொண்டாட்டியையும் பிள்ளையையும் சேத்துக் கொல்லப் பாத்தியேடா பாவி! கையா அது, ஓட்டைக் கரண்டியா?" என் தம்பி பேயறைந்தவன் மாதிரி ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். கீழே இறங்கக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்கவும் திட்டினேன். அன்று திட்டியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப வாங்கவில்லை, ஆனால் அந்தக் கம்பி மட்டும் விழாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

எலும்பு முறியவில்லை. முழங்கை வரை கட்டுப்போட்டார்கள். வந்ததுதான் வந்தோம், பிள்ளையையும் பார்த்துவிடட்டும் என்று பிரசவப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். அதே நர்ஸ்தான். பட்டையை எடுத்தவள் இடது கையின் கட்டைப் பார்த்துவிட்டு, "அந்தக் கையைக் குடுங்க" என்றாள்.

"அது வெட்டுற கை சிஸ்டர்" என்றாள் ஏணி.

"நான் என்ன வெட்டியா எடுத்துக்கப் போறேன்? பட்டைதானே சுத்துறேன், குடுங்கம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "குடுடி, ஊரே குடுக்குது" என்றேன். துப்பட்டாவுக்கு அடியிலிருந்து வலது கை வெளியே வந்தது.

பட்டை உப்பியது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் உப்பியது. ஏணி, "வலிக்குது" என்றாள். மெஷின் ஒருமுறை மூச்சுவிட்டு மறுபடி உப்பியது. பிறகு எண் வந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மெஷினின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

"இது ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுப் போய் வேறு மெஷின் கொண்டுவந்தாள். அதுவும் அதையே காட்டியது. இருநூற்றுப் பத்து, நூற்றிருபது. நர்ஸின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் சாதாரணமாக ஓடமாட்டார்கள்.

டாக்டரம்மா வந்தார். கண்ணாடி போட்ட, குட்டையான, அதிகம் பேசாத பெண்மணி. மெஷினைத் தள்ளிவைத்துவிட்டு ஏணியின் வலது மணிக்கட்டை விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு இடது கைக்கு வந்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். மணிக்கட்டில் விரல் வைத்தார், இடம் மாற்றினார், மறுபடி இடம் மாற்றினார். முழங்கை மடிப்பில் வைத்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"என்ன டாக்டர்?"

"இந்தக் கையில நாடி ஓடலையே" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"அதைத்தான் டாக்டர் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டு இருக்கேன்" என்றாள் ஏணி.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக அவள் பட்டவர்த்தனமாகச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். ஸ்கேன், ரத்தம், அந்த டாக்டர், இந்த டாக்டர். இதய டாக்டர் ஒருவர் வந்தார். கடைசியில் டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டார். இதயம், அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், அதன் கிளைகள்.

"இந்தப் பெரிய குழாய்களோட சுவர் வீங்கித் தடிச்சுப்போயிருக்கு. உள்ள வழி குறுகிடுச்சு. இடது கைக்குப் போறது கிட்டத்தட்ட அடைஞ்சே போச்சு. அதனால அந்தக் கையில நாம பாத்த பிரஷர் பொய். உள்ள நிஜமா ஓடிட்டு இருந்தது வலது கையில தெரிஞ்சுதே, அது. மூளை, கண்ணு, கிட்னி எல்லாம் இத்தனை மாசமா அதைத்தான் தாங்கிட்டு இருந்திருக்கு. ரொம்ப அபூர்வமான வியாதி. வந்தா பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்களுக்குத்தான் வரும்."

வியாதியின் பெயரைச் சொன்னார். டகாயாசு. என் தம்பி, "பைக் பேரு மாதிரி இருக்கே டாக்டர்" என்றான். பயம் வந்தால் அவன் இப்படித்தான் உளறுவான். யாரும் சிரிக்காததால் அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"வருஷக்கணக்கா இருக்கலாம். இவங்களுக்கு முதல் குழந்தை தவறினதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். பிரஷர் இப்படி ஏறினா பிள்ளைக்குப் போற ரத்தம் குறைஞ்சுடும். இந்தக் குழந்தையும் இருக்க வேண்டிய எடை இல்லை."

ஏணி அதுவரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப… அது ஏணியால இல்லையா டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "எந்த ஏணி?" என்றார்.

நான்தான் சொன்னேன். கர்ட்டன் மாட்ட ஏறுவாள், அதனால்தான் முதல் பிள்ளை போனது என்று ஊர் சொன்னது என்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யாரு சொன்னது உங்களுக்கு?" என்றார். ஏணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கன்னத்தில் யாரோ ஓங்கி அறைந்துவிட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன்னைத் தானே குற்றவாளி என்று வைத்துக்கொண்டு அவள் இத்தனை காலம் சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், எங்களோடு சிரித்திருக்கிறாள். எனக்கு, முன்பு வாசலோடு விரட்டிய அந்த இரண்டு பேரையும் தேடிப்பிடித்து இன்னொரு தடவை விரட்ட வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது எங்களுக்குள் சண்டை.

பிள்ளையை உடனே எடுத்துவிட்டால் அவளுக்கு நல்லது. இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்தால் பிள்ளைக்கு நல்லது. பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போட்டிருக்கிறோம், மருந்தில் பிரஷர் அடங்கியிருக்கிறவரை காத்திருக்கலாம், ஆனால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றார் டாக்டரம்மா. பிரஷரை ஒரேயடியாக இறக்கவும் முடியாதாம். குறுகிய குழாய் வழியாக மூளைக்கும் பிள்ளைக்கும் ரத்தம் போக வேண்டுமே. கொஞ்சம் ஏறினாலும் ஆபத்து, அதிகம் இறங்கினாலும் ஆபத்து. நான் உடனே எடுங்கள் என்றேன். ஏணி மாட்டேன் என்றாள்.

"உசுரைப் பிடிச்சு வச்சுக்கோடி முதல்ல. பிள்ளையை மெஷின்ல வச்சு வளத்துக்கலாம்."

"ஒண்ணை ஏற்கெனவே விட்டுட்டேன் அண்ணி. இதை முழுசா கையில வாங்கணும்."

"நீ விடல! டாக்டர் படம் போட்டுச் சொன்னாங்களே, காது அடைச்சிருக்கா?"

"கேட்டுச்சு. ஆனா உள்ள போகல இன்னும். கொஞ்ச நாள் ஆகும்."

அவளோடு என்னால் எப்போதும் சண்டை போட்டு ஜெயிக்க முடியும். அன்று முடியவில்லை. என் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "நீ சொல்லுடா, நீதானே புருஷன்!" அவன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்களைக் குதிக்கச் சொல்லவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது அக்கா" என்றான். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அவன் சொன்னது நிஜம் என்பதால் இன்னும் ஏறியது.

அவள் படுத்திருந்த அறை மூன்றாம் மாடியில். ஒரே ஒரு பெரிய ஜன்னல், கர்ட்டன் கிடையாது, வெறும் கண்ணாடி. காலை வெயில் நேராகக் கட்டிலில் விழும். முதல் நாளே இரண்டு பேரும் அதற்கு மனதுக்குள் துணி வெட்டிவிட்டோம். அவள் வெளிர்நீலம் என்றாள், நான் ஆஸ்பத்திரிக்கு வெள்ளைதான் என்றேன். வலது கையில் பட்டை நிரந்தரமாகக் கட்டியிருந்தார்கள், அது தானாக உப்பித் தானாக அடங்கும். "வெட்டுற கையை ஊருக்கே எழுதிக் குடுத்தாச்சு" என்று அதைக் காட்டிச் சிரித்தாள். ஒவ்வொரு நாளும் பிரஷர் அடங்கியே இருந்தது. மூன்று பேரும் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்தோம்.

ஒருநாள் நடுப்பகல். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வெயில் தரையெல்லாம் பளபளத்தது. கண் கூசுகிறது என்று நானே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணி, தலை உடையுது" என்றாள். நான் பெல்லை அழுத்தினேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெயில் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

"ஏன் அண்ணி கர்ட்டனை இழுத்து விட்டீங்க?"

என் கையிலிருந்த ஆரஞ்சு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

"என்னடி சொல்றே?"

"இருட்டா இருக்கு. ஒண்ணுமே தெரியல. கர்ட்டனைத் திறங்க."

அந்த ஜன்னலில் கர்ட்டனே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கர்ட்டன் தைத்தவள் நான். என்னிடம் அவள் இல்லாத கர்ட்டனைத் திறக்கச் சொல்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் வெறும் கண்ணாடியைத் தடவினேன். ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரி கையை அசைத்தேன். மூளை நின்றுபோய்விட்டது எனக்கு. பிறகுதான் கத்தினேன். எங்கள் தெரு வரை கேட்டிருக்கும் என்று என் தம்பி பிறகு சொன்னான். அவன் கீழே மருந்துக் கடையில் நின்றிருந்தான், அங்கேயே கேட்டதாம்.

ஐந்தாறு பேர் ஓடிவந்தார்கள். கட்டிலின் சக்கரத்தைத் திறந்து அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே ஓடினேன். அவளுக்குக் கண் தெரியவில்லை, ஆனால் நினைவு இருந்தது. இடது கையைக் காற்றில் நீட்டித் துழாவினாள். நான் பிடித்துக்கொண்டேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது அந்தக் கை.

"பிள்ளையை எடுக்கப் போறாங்களா அண்ணி?"

"ஆமாடி."

"போதுமா? இத்தனை நாள் போதுமா அதுக்கு?"

"போதும். போதும்டி. நீ பேசாதே." போதுமா போதாதா என்று எனக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். கதவு என் முகத்தின் முன் மூடிக்கொண்டது.

என் தம்பி வந்து சேர்ந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வார்த்தையை நினைத்ததும் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "செத்துருவாளா அக்கா?" என்று குழந்தை மாதிரி கேட்டான். அவன் சின்னவனாக இருந்தபோது இருட்டைக் கண்டு பயந்தால் என்னிடம் இப்படித்தான் கேட்பான். அப்போது என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

பெண் குழந்தை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டதாம், அதைக்கூட நாங்கள் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தாயை வேறு மாடியில், வேறு மெஷின்களுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். உயிர் இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் கேட்கிற துணிச்சல் எங்கள் இருவருக்கும் இல்லை. கண்ணில் கோளாறு இல்லை, மூளையின் பின்பக்கம் பிரஷரால் வீங்கியிருக்கிறது, வீக்கம் வற்றினால் பார்வை திரும்பும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்று மறுநாள் டாக்டரம்மா சொன்னார்.

அவளைச் சக்கர நாற்காலியில் பிள்ளையிடம் கூட்டிப்போக அனுமதி கிடைத்த நாளில் அவளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. உருவம் தெரியவில்லை. நான் நாற்காலியைத் தள்ளினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அறைக்குள் நுழைந்ததும் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. அந்த அறையில் ஜன்னல் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது.

பெட்டிக்குள் பிள்ளை படுத்திருந்தாள். இவ்வளவு சின்ன மனுஷி இருக்க முடியும் என்று நான் நினைத்ததேயில்லை. தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது.

"எப்படி இருக்கா அண்ணி? சொல்லுங்க."

"இருக்காடி" என்றேன். "சின்னதா இருக்கா. மூக்கு என் தம்பி மூக்குதான், பாவம்."

அவள் சிரித்தாள். நர்ஸ் பெட்டியின் பக்கவாட்டிலிருந்த வட்டக் கதவைத் திறந்து, அம்மா கையை உள்ளே விடலாம் என்றாள். வலது கையில் பட்டையும் குளுக்கோஸ் குழாயும் இருந்தன. இடது கைதான் சும்மா இருந்தது. நர்ஸ் அதைத் துடைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டாள். நான் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக உள்ளே நுழைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் எங்கேயோ சுவரைப் பார்த்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது.

"பக்கத்துல போயிட்டேனா அண்ணி? இன்னும் தள்ளணுமா? எனக்குத் தொட்ட மாதிரியே இல்லையே."

நான் குனிந்து பார்த்தேன். அந்தப் பிஞ்சு தன் மொத்தக் கையாலும் அவளுடைய சுட்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது. நகமெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு. மரத்துப்போன அந்த விரலுக்கு அது தெரியவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளக் கண்ணும் இல்லை.

"நீ தொடலடி" என்றேன். "அவதான் உன்னைப் பிடிச்சிருக்கா."

"எப்ப?"

"உன் கை உள்ள போனதுலேருந்து."

அவள் அசையவில்லை. விரலை ஒரு நூல்கூட நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் பிடிச்சிருக்காளா?"

"பிடிச்சிருக்கா."

"இப்ப?"

"இப்பவும்தான்டி."

அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள், நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுத்தேன்.